சீதன உறுதியும் நிவாரண அட்டையும்
உள்நாட்டு இடம்பெயர்வில் பெண்களும் வறுமையும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

எமது புகலிட எழுத்துகளில் ஊர் உண்டு. கிணற்றடி உண்டு, பனங்கூடல் உண்டு, முற்றத்து வேம்பும் உண்டு. விட்டு வந்த வீட்டைப் பற்றி எழுதாத கவிஞர் எம்மிடையே இல்லை எனலாம். ஆனால் அந்த வீடும் வளவும் எவருடைய பெயரில் எழுதப்பட்டிருந்தன என்ற கேள்வியை நாம் அநேகமாகக் கேட்பதில்லை. காணி உறுதியை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் யாழ்ப்பாணத்து வீடுகளில் மிகப் பல ஒரு பெண்ணின் பெயரிலேயே இருந்தன. அம்மாவின் சீதன வீடு, அம்மம்மாவின் சீதன வளவு, அக்காவுக்கென்று பிரித்து வைத்த காணித் துண்டு. யுத்தம் முதலில் விழுங்கியது இவற்றைத்தான்.

விழுங்கியதற்குப் பதிலாக அது ஒரு கடதாசியைக் கொடுத்தது. நிவாரண அட்டை. அதன் முதல் வரியில் ‘குடும்பத் தலைவர்’ என்றிருக்கும். அங்கே அநேகமாக ஓர் ஆணின் பெயரே எழுதப்பட்டது. உறுதியில் பெயருடன் இருந்த பெண், அட்டையில் ‘அங்கத்தவர்’ ஆனாள். இந்த இரண்டு கடதாசிகளுக்கும் இடையிலான தூரமே இக்கட்டுரையின் பொருள். இடம்பெயர்வு எல்லோரையும் ஏழையாக்கியது என்பது உண்மையின் பாதிதான். எவரிடமிருந்து எது போனது, எவருக்கு எது திருப்பிக் கொடுக்கப்பட்டது என்று கணக்குப் பார்க்கும்போதுதான் மீதிப் பாதி தெரியவரும்.

எல்லையைக் கடக்காதவர்கள்

முதலில் சொல் பற்றி ஒரு குறிப்பு. கடல் கடந்து வந்த நாம் ‘அகதிகள்’. 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை எமக்கு ஒரு பெயரையும், பெயரோடு சில உரிமைகளையும் தந்தது. எத்தனை நாடுகள் எத்தனை முறை அவற்றை மறுத்தாலும், வாதாடுவதற்கு ஒரு சட்டம் இருந்தது. அதே ஷெல்லுக்கு அதே இரவில் ஓடி, கடலைக் கடக்காமல் கிளிநொச்சியில் நின்றுவிட்டவருக்கு அப்படியொரு சட்டம் இருக்கவில்லை. அவர் தன் நாட்டு அரசாங்கத்தின் பொறுப்பிலேயே இருக்கிறார் என்பது சட்டத்தின் வாதம். எந்த அரசாங்கத்தின் குண்டுக்கு ஓடினாரோ அதே அரசாங்கம்.

1992இல்தான் ஐக்கிய நாடுகள் சபை உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கென்று ஒரு பிரதிநிதியை நியமித்தது. சூடானைச் சேர்ந்த பிரான்சிஸ் டெங். அவர் 1993இல் இலங்கைக்கும் வந்து போனார். 1998இல் அவரது முயற்சியால் ‘வழிகாட்டற் கோட்பாடுகள்’ முன்வைக்கப்பட்டன. எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாத கோட்பாடுகள்தாம். ஆனாலும் அவற்றுள் ஒரு வரி எமது விடயத்துக்கு மிக முக்கியமானது. ஆவணங்களைப் பெறுவதில் பெண்ணுக்கும் ஆணுக்கும் சம உரிமை உண்டு, பெண்ணுக்கு அவளுடைய சொந்தப் பெயரிலேயே ஆவணம் வழங்கப்பட வேண்டும் என்கிறது அது. இப்படி ஒரு வரியை எழுதவேண்டி வந்ததே, உலகெங்கும் முகாம்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்குச் சாட்சி.

மூன்று வகைச் சொத்து

யாழ்ப்பாணத்துப் பெண்ணின் சொத்து பற்றிப் பேசுவதானால் தேசவழமைக்குப் போகவேண்டும். ஒல்லாந்த ஆட்சிக் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்து வழமைகளைத் திரட்டி 1706இல் எழுதினார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்டனர். 1707இல் அது சட்டமாகியது. பன்னிரண்டு பேரும் ஆண்கள், காணி பூமி உள்ளவர்கள், அடிமை குடிமைகள் வைத்திருந்த வர்க்கத்தினர் என்பதை மறக்கலாகாது.

அந்த வழமையின்படி சொத்து மூவகைப்படும். முதுசம், சீதனம், தேடியதேட்டம். தகப்பன் வழி வந்தது மகனுக்கு, தாயின் சீதனம் மகளுக்கு என்பதே பழைய ஒழுங்கின் சாரம். ஆகவே வீடு பெண்ணோடு நின்றது. மாப்பிள்ளை பெட்டியோடு பெண்வீட்டுக்கு வந்தான். இதைக் கொண்டு யாழ்ப்பாணத்தில் பெண்ணாட்சி நிலவியது என்று பெருமை பேசுவோர் உண்டு. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தை அவர்கள் வாசிப்பது நல்லது. மணமான பெண் தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். சம்மதம் கிடையாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு அனுமதி பெறவேண்டும். பெயர் அவளுடையது, பேனா அவனுடையது.

சொத்து இருப்பது வேறு, அதை ஆள்வது வேறு என்று பீனா அகர்வால் 1994இல் வெளிவந்த தனது நூலில் தென்னாசியா முழுவதையும் வைத்து விளக்குகிறார். யாழ்ப்பாணம் அதற்கு நல்ல உதாரணம். ஆயினும் இந்த அரைகுறை உரிமைக்கும் ஒரு பெறுமதி இருந்தது. கணவன் குடித்தாலும், விட்டுவிட்டுப் போனாலும், செத்தாலும், அவளை வீட்டை விட்டு எழும்பு என்று சொல்ல எவராலும் முடியாது. கூரை அவளுடையது. பக்கத்து வளவில் தாயோ தமக்கையோ இருப்பாள். சண்டை என்றால் வேலிக்கு மேலால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். சீதனக் காணி என்பது வெறும் மண் அல்ல. அது அவளைச் சுற்றி நின்ற பெண் உறவுகளின் வட்டமும்தான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். இது காணி உள்ளவர்களின் கதை. ஒடுக்கப்பட்ட சாதியினரில் பலருக்கு உறுதி என்ற ஒன்றே இருக்கவில்லை. பிறருடைய காணியில் குடியிருந்தார்கள். 1977இன் வன்செயலுக்குப் பின்னர் தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்த மலையகத் தமிழருக்கு இது ஏற்கெனவே முதலாவது இடம்பெயர்வு. அவர்கள் வன்னியில் காடு வெட்டினார்கள், கூலிக்கு நின்றார்கள், காணி மட்டும் பலருக்குக் கிடைக்கவில்லை. குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த ‘பெர்மிட்’ காணிகளுக்கோ 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பொருந்தும், தேசவழமை பொருந்தாது. பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்தால் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் மகன் முன்னுக்கும் மகள் பின்னுக்கும் நின்றார்கள். இந்த வேறுபாட்டைப் பாராளுமன்றம் நீக்கியது 2022இல்தான். எண்பத்தேழு வருடங்கள்.

ஒக்டோபர் 30, இரண்டு தடவை

யாழ்ப்பாணத்தின் இடப்பெயர்வு என்றதும் எமக்கு 1995 ஒக்டோபர் 30 நினைவுக்கு வரும. ஆனால் சரியாக அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்னர், 1990 ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துள் வெளியேற வேண்டுமென்று விடுதலைப் புலிகளால் உத்தரவிடப்பட்டார்கள். அந்த ஒக்டோபர் மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் துரத்தப்பட்டனர். பணத்துக்கு ஓர் எல்லை வைக்கப்பட்டது. நகைகள் வழியில் பறிக்கப்பட்டன. பெண்களின், பெண் குழந்தைகளின் காதுத் தோடுகள் உட்பட.

மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டி வைக்கும் வழக்கம் வடபுல முஸ்லிம்களிடமும் இருந்தது. ஆகவே சோனகத் தெருவில் பூட்டிவிட்டு வந்த வீடு என்பது அநேகமாக ஒரு மகளின் திருமணம். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்களில் குந்திய குடும்பங்களுக்கு அடுத்து வந்த நெருக்கடி இதுதான். வீடில்லாமல் மாப்பிள்ளை இல்லை. கடையையும் தையல் மெசினையும் வள்ளத்தையும் இழந்த ஆண்களுக்கு முதல் இல்லாமல் தொழில் இல்லை. கூலி வேலை இருந்தது. கற்பிட்டியின் வெங்காயத் தோட்டங்களில் களை பிடுங்கவும் வெங்காயம் ஆயவும் பெண்கள் போனார்கள். ஊரில் வீட்டு வாசலைத் தாண்டி வேலைக்குப் போய்ப் பழக்கமில்லாத பெண்கள் விடியற்காலையில் கூலிக்கு நிரையாக நடந்தார்கள். அகதிகள் வந்து கூலியைக் குறைத்துவிட்டார்கள் என்ற ஊரவரின் முணுமுணுப்பையும் அவர்களே கேட்டார்கள். இன்னும் பலர் வீட்டுப் பணிப்பெண்களாக மத்திய கிழக்குக்குப் போனார்கள்.

இதை இவ்விடத்தில் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐந்து வருடம் கழித்து நாவற்குழிப் பாலத்தில் நின்ற தமிழ்ப் பெண்ணுக்கு என்ன நடக்கப் போகிறது என்பது புத்தளத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. வாசிக்கத்தான் ஆளில்லை.

1995

1995 ஒக்டோபர் 17இல் ‘ரிவிரெச’ படை நடவடிக்கை தொடங்கியது. 30ஆம் திகதி மாலையில் வலிகாமம் முழுவதையும் விட்டு வெளியேறும்படி புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம், மழைக்குள், கண்டி வீதியால் தென்மராட்சிக்குப் போனது. சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் பாடசாலைகள், கோயில்கள், தேவாலயங்கள், தெருவோர மரங்கள் எல்லாம் சனத்தால் நிரம்பின. அங்கிருந்து ஒரு பெரும் பகுதி கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குப் போனது. 1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்கு வந்தபோது பலர் வலிகாமத்துக்குத் திரும்பினர். வன்னிக்குப் போனவர்கள் 1996 ஜூலைக்குப் பின்னர் கிளிநொச்சியிலிருந்தும் ஓடினார்கள். அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று அந்தப் பெயர்கள் நீளும்.

இந்த ஓட்டத்தில் பெண்கள் எதைக் காவினார்கள் என்று பார்த்தால் அவர்கள் எதை நம்பினார்கள் என்பது தெரியும். ஒரு பையில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதிகள், அடையாள அட்டைகள். மடியில் சுற்றி மிச்சமிருந்த நகை. மிச்சமிருந்த என்று சொல்வது காரணத்தோடுதான். 1990களின் தொடக்கத்தில் புலிகள் குடும்பத்துக்கு இரண்டு பவுன் என்று வாங்கியிருந்தார்கள். அதற்கு முன்னரும் பின்னரும் நகை வேறொரு வழியாலும் போயிருந்தது. அதைக் கடைசியில் பேசுவோம்.

நகைதான் முதலில் உருகியது. லொறிக் கூலி, படகுக் கூலி, தறப்பாள், கிடுகு, மலேரியாவுக்கு மருந்து. பொருளாதாரத் தடையின் காரணமாக மண்ணெண்ணெயும் பற்றரியும் சீமெந்தும் உரமும் வன்னிக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு ஒரு நாட் கூலியை எண்ணிப் பார்க்கும் நிலை. தாலிக்கொடி ஈடு போனது, கொடிக்குப் பதில் மஞ்சள் கயிறு வந்தது. ஈடு வைத்தது மீண்டது அபூர்வம். சீதனம் கொடுப்பதையும் வாங்குவதையும் புலிகள் தமது சட்டத் தொகுப்பில் தடை செய்திருந்தார்கள். தடைச் சட்டத்தால் முடியாத ஒன்றை இடப்பெயர்வு செய்து முடித்தது. சீதனத்தில் பெண்ணுக்குச் சேரவேண்டியதை அது அழித்தது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் கேட்பதை அழிக்கவில்லை. காணியும் வீடும் கொடுக்க இயலாதபோது காசு கேட்டார்கள். காசு கணவனின் கைக்குப் போகும். காணி என்றால் அவள் பெயரிலாவது இருந்திருக்கும்.

அட்டையின் கணக்கு

1990களில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு அரசாங்கம் கொடுத்த உலர் உணவு நிவாரணத்தின் பெறுமதி மாதம் 1260 ரூபா. விலைவாசி ஏற ஏற இந்தத் தொகை வருடக்கணக்காக அப்படியே நின்றது. ஆறாவது, ஏழாவது ஆளுக்கு வயிறு இருந்தது, பங்கு இருக்கவில்லை. அரிசி, மா, சீனி, பருப்பு. சங்கக் கடையில் நிரை. லொறி வராவிட்டால் அந்த மாதம் இல்லை.

அட்டையின் சிக்கல் அளவில் மாத்திரம் இல்லை, அது கருதிய ‘குடும்பம்’ எது என்பதிலும் இருக்கிறது. ஓர் ஆண், அவனது மனைவி, அவனது பிள்ளைகள். யுத்த காலத்து உண்மையான குடும்பமோ வேறாக இருந்தது. கணவன் இயக்கத்தில், அல்லது சிறையில், அல்லது கொழும்பு லொட்ஜில் வெளிநாட்டுக்குக் காத்திருப்பில், அல்லது காணாமற் போனவர்களின் பட்டியலில். வீட்டில் இருப்பது ஒரு பெண், அவளது பிள்ளைகள், அவளது தாய், ஷெல்லடியில் செத்த தமக்கையின் பிள்ளைகள் இரண்டு. இந்தக் குடும்பத்தை அட்டையில் ஏற்றுவதற்கு விதானையார், உதவி அரசாங்க அதிபர் பணிமனை, சமாதான நீதவான் என்று அவள் ஏறி இறங்கவேண்டும். கணவன் இறந்தான் என்றால் மரணச் சான்றிதழ் வேண்டும். இறந்தான் என்று எழுத அவளுக்கு மனமில்லை, இருக்கிறான் என்று எழுத ஆதாரமில்லை. காணாமற் போனமைக்கென்று ஒரு சான்றிதழைச் சட்டம் ஏற்றுக்கொண்டது 2016இல்தான்.

இதன் விளைவு வெறும் அரிசிப் பங்கோடு நிற்கவில்லை. அவள் பெயரிலிருக்கும் சீதனக் காணியை விற்றாவது பிழைப்போம் என்றால், மேலே சொன்ன 1911ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். கணவனின் கையொப்பம் எங்கே? நீதிமன்றத்துக்குப் போகப் பணம் வேண்டும், நீதிமன்றம் இருக்கவேண்டும். வன்னியில் அரசாங்க நீதிமன்றம் இயங்காத காலம் அது.

வறுமையைக் காசால் மட்டும் அளப்பவர்கள் பெண்ணின் நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. குழாயடியில் தண்ணீருக்கு நிரை, நிவாரணத்துக்கு நிரை, விறகுக்குக் காடு, காய்ச்சற் பிள்ளையோடு ஆஸ்பத்திரி வாசல். கக்கூசுக்கு இருட்டும்வரை காத்திருப்பு. அதனாலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்ட பெண்கள். மாதவிலக்குக்குப் பழந்துணி, அதைக் கழுவ மறைவில்லை, காயப்போட இடமில்லை. சாப்பாட்டில் முதலில் ஆம்பிளை, பிறகு பிள்ளைகள், கடைசியில் பானையின் அடி. முகாமில் தொழிலற்றுக் குந்தியிருந்த ஆணின் அவமானம் கசிப்பாகவும் அடியாகவும் அவள் மீதே இறங்கியது. ஊரில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த தாயும் தமக்கையும் இப்போது வேறு முகாமில்.

சொந்தக்காரரைக் காணவில்லை

முகாமில் எல்லோரும் ஒரே காலம் இருக்கவில்லை. வெளிநாட்டில் ஒருவர் உள்ள குடும்பம் ஆறு மாதத்தில் வாடகை வீட்டுக்குப் போகும், பிறகு கொழும்புக்குப் போகும். பத்து வருடம், இருபது வருடம் முகாமில் எஞ்சியவர்கள் எவர் என்று பார்த்தால் கடற்றொழிலாளர், கூலித் தொழிலாளர், பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள். 1990 ஜூனில் பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறைப் பக்கங்களிலிருந்து எழுப்பப்பட்ட மக்கள் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் கால் நூற்றாண்டைக் கழித்தார்கள். அந்த முகாம்களில் பிறந்த பெண்பிள்ளைகள் அங்கேயே தாயானார்கள்.

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. உரிமையாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்பது அவற்றிற் சொல்லப்பட்ட காரணம். அந்த உரிமையாளர்கள் சில கட்டை தூரத்தில் தகரக் கொட்டிலில், தலையணைக்குக் கீழே உறுதியை வைத்துக்கொண்டு படுத்திருந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வழக்குப் போட்டனர். மயிலிட்டித் துறைமுகம் திறந்து விடப்பட்டது 2017 ஜூலையில். அதற்கிடையில் தாய் செத்திருப்பாள், சீதனக் காணி அளக்கப்படாமலே மகளின் கலியாணம் நடந்திருக்கும் அல்லது நடக்காமலே போயிருக்கும்.

கிழக்கிலும் இதே கதை வேறு உருவில் நடந்தது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வீடு மகளுக்கே. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன வீடுகளிற் பெரும்பாலானவை பெண்களுடையவை. ஆனால் திருப்பிக் கட்டப்பட்ட வீடுகள் ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயரில் பல இடங்களில் ஆண்களுக்கு எழுதப்பட்டன. நூற்றாண்டுக் கணக்கான வழமையை ஒரு விண்ணப்பப் படிவம் இரண்டு வருடத்தில் மாற்றியது. அந்தப் படிவத்தை எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்லர். வீடு என்றால் ஆணுடையது என்று நினைத்துப் பழகியவர்கள்.

2009க்குப் பின்

முள்ளிவாய்க்காலுக்குப் பின்னர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டார்கள். அது மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். வடகிழக்கில் 89,000 விதவைகள், கிழக்கில் 49,000, வடக்கில் 40,000 என்று 2010இல் பிரதி அமைச்சர் ஹிஸ்புல்லா கூறினார். காணாமற் போனவர்களின் மனைவிமார் எந்தக் கணக்கில் சேர்ந்தார்கள் என்பது வேறு கேள்வி. 2012/13 அரசாங்கக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் வறியோர் 6.7 வீதம். முல்லைத்தீவில் 28.8 வீதம். நாட்டிலேயே ஆக வறிய மாவட்டம்.

திரும்பிப் போனவளுக்கு வீட்டுத் திட்டம் வந்தது. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா, கட்டம் கட்டமாக. அத்திவாரம் போட்டால் அடுத்த பங்கு, சுவர் எழும்பினால் அதற்கடுத்தது. மேசன், தச்சன், மண், கல், தண்ணீர் எல்லாவற்றையும் வீட்டுக்காரரே பார்க்கவேண்டும். ஆண் துணையுள்ள வீட்டில் உடலுழைப்பு இலவசம். தனித்த பெண்ணுக்கு ஒவ்வொரு வாளி மண்ணும் கூலி. காசு முடிந்தபோது சுவர் பாதியில் நின்றது. அப்போது நுண்கடன் கம்பனிக்காரன் மோட்டார் சைக்கிளில் வந்தான். பிணையாகக் காணி கேட்கவில்லை, இன்னும் நாலு பெண்களைக் கூட்டிவா என்றான். கிழமைக்குக் கிழமை கட்டு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் நிற்கவேண்டும். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து உதவிய அயலாரைக் கடன்காரராக்கியதே இந்த முறையின் சாமர்த்தியம். 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி, இக்கடன்களில் சில இடங்களில் வருட வட்டி 220 வீதம் வரை போவதைச் சுட்டிக்காட்டினார். அதே வருடம் அரசாங்கம் வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட பெண்களின் கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தது.

கவனியுங்கள். அரை நூற்றாண்டாகப் பெண்ணின் பெயரை எழுதத் தயங்கிய கடதாசிகளில், கடன் பத்திரம் மாத்திரம் தயங்காமல் அவள் பெயரை எழுதியது.

வேலைகளும் வந்தன. முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் அணிகளில் பெண்கள், அவர்களிற் பலர் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள், முழந்தாளில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டினார்கள். முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் சம்பளம் கொடுத்தது. அதாவது, தன் காணியில் முகாம் போட்டிருப்பவனிடம் மாதச் சம்பளம் வாங்கும் நிலை. இதைக் காட்டிக்கொடுப்பு என்று இணையத்திலும் மேடையிலும் திட்டியவர்கள் எவரும் அந்தச் சம்பளத்துக்கு மாற்றுச் சம்பளம் அனுப்பவில்லை.

ஆனால் அவள் வெறும் பலிக்கடா அல்ல. 2017 ஜனவரி 31இல் கேப்பாபிலவு பிலக்குடியிருப்புப் பெண்கள் பிள்ளைகளோடு விமானப்படை முகாம் வாசலில் குந்தினார்கள். பனியிலும் வெயிலிலும் ஒரு மாதம். மார்ச் 1ஆம் திகதி காணி விடப்பட்டது. அதே பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமற் போனோரின் தாய்மார் தொடங்கிய போராட்டமும் வருடக்கணக்காக நீண்டது. கட்சிகளால் முடியாததை, உறுதியைப் பையில் வைத்துக் காத்த பெண்கள் செய்து காட்டினார்கள். அவர்கள் கேட்டது கருணையை அல்ல, தங்கள் பெயர் எழுதிய கடதாசிக்கு உரிய மண்ணை.

நாம்

இனி, நகை போன மற்ற வழி. 1983க்குப் பின்னர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். ஏஜென்சிக்குக் கட்டிய காசு எங்கிருந்து வந்தது? தமக்கையின் நகை, தங்கைக்கு வைத்த காணி, அம்மாவின் சீதன வளவின் ஈடு. அண்ணன் போய்ச் சேர்ந்தால் ஒன்றுக்குப் பத்தாக அனுப்புவான், தங்கச்சிக்கு நல்ல இடம் பார்க்கலாம் என்பது குடும்பத்தின் கணக்கு. பலர் அனுப்பினார்கள். பனியில் கோப்பை கழுவி உண்டியலில் அனுப்பிய காசில் பல குடும்பங்கள் முகாமுக்குப் போகாமல் தப்பின. இதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் காசு எந்தப் பெயருக்குப் போனது, எந்தப் பெயரில் காணியாகத் திரும்ப வாங்கப்பட்டது என்று கேட்டால் பதில் அவ்வளவு பெருமைக்குரியதல்ல. புகலிட மாப்பிள்ளையின் விலை ஏறியது. அதற்குக் கொடுக்கவும் இன்னொரு பெண்ணின் பங்கே எடுக்கப்பட்டது. யாரும் கேட்க இல்லாத வீட்டில், யாரும் அனுப்ப இல்லாத முகாமில், தமக்கை அப்படியே நரைத்தாள்.

2009க்குப் பின்னர் பாதை திறந்தது. விடுமுறைக்குப் போகிறோம். வேலி போடுகிறோம், காணிக்கு விலை கேட்கிறோம். எங்களுடைய பூட்டிய வீட்டில், எங்களுடைய வெறும் வளவின் மூலையில், இருபது வருடமாக ஒரு குடும்பம் குடியிருக்கிறது. பெரும்பாலும் உறுதி இல்லாதவர்கள், பெரும்பாலும் ஒரு பெண்ணும் பிள்ளைகளும். சட்டப்படி அவள் எழும்பவேண்டும். அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்து, ஒரு உறவினர் மூலம் எழுப்பிவிட்டு, விற்றுவிட்டு வந்தும் விடுகிறோம். வந்து, இழந்த தாயகம் பற்றி எழுதுகிறோம்.

விற்கவேண்டாம் என்று சொல்வதற்கில்லை. அவரவர் தேவை அவரவருக்கு. கையொப்பம் வைப்பதற்கு முன்னர் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். ஒன்று, இந்தக் காணி எந்தப் பெண்ணின் சீதனமாக எழுதப்பட்டது, அவளுக்கு அல்லது அவள் மகளுக்குச் சேரவேண்டிய பங்கு சேர்ந்ததா? மற்றது, மூலைக் கொட்டிலில் இருப்பவளுக்கு இரண்டு பரப்பு எழுதிக் கொடுத்தால் எம்மில் எவர் ஏழையாகிவிடுவோம்? எழுதுவதானால் அவள் பெயரில் எழுதவேண்டும். ‘குடும்பத் தலைவர்’ என்ற வரி உறுதியில் கிடையாது. அது அட்டையில் மாத்திரம்தான் இருந்தது.